ஷைனி சொன்ன சாட்சி

ஜூன் 3, திங்கள்

காலை பதினொரு மணிக்கு வந்து சேர்ந்தோம். மெயின் ரோட்டிலிருந்து நாலு கிலோமீட்டர் உள்ளே, செம்மண் மேடுமேடாகக் குவிந்த தேரி. பனையும் முந்திரியும் தவிர கண்ணில் ஒன்றும் படவில்லை. நடுவில் இந்த வீடு. யாரோ ஒரு முந்திரி வியாபாரி கட்டி, பிறகு வேண்டாமென்று விட்டுப் போன பங்களா. இரண்டு ஆள் உயரத்துக்குச் சுற்றுச்சுவர், இரும்புக் கேட். சபையை நடத்துகிற எலியேசர் ஐயா இதற்குப் பேழை வீடு என்று பெயர் வைத்திருக்கிறார். எங்கள் மூன்று பேரோடு சேர்த்துப் பதினாலு பேர்.

நாங்கள் உள்ளே வந்ததும் ஐயாவே கேட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். கர்த்தருடைய வருகை வரைக்கும் யாரும் வெளியே போக வேண்டியதில்லை. சனிக்கிழமை மட்டும் சாமான் வாங்க வேன் போகும். அதை ஓட்டுகிற பொறுப்பு என் வீட்டுக்காரருக்கு, ஷைனி அப்பாவுக்கு.

முன்னறையில் ஒரு தகரப்பெட்டி இருக்கிறது. செல்போன், மாத்திரை, மருந்து எல்லாம் அதில் போட வேண்டும். என் மகள் ஷைனியின் இளைப்பு மருந்தையும் போட்டேன். எல்லாவற்றையும் கொடுத்துவிட்டேன்.

இந்த நோட்டைக் கேட்கவில்லை, நானும் காட்டவில்லை. என் மகன் ஆசீரின் ஆறாம் வகுப்புக் கணக்கு நோட்டு. பாதிக்கு மேல் வெற்றுத்தாள்.

ஜூன் 5, புதன்

நாலரைக்கு எழுந்து ஜெபம். ஆறு மணிக்கு அடுப்பு. பதினாலு பேருக்குச் சோறு, குழம்பு, ஒரு துவையல். பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு மேய்த்ததைவிட இது எளிது. சமையலில் என்னோடு இருப்பது சாலோமி அக்கா. ஐம்பது வயதிருக்கும். வீட்டுக்காரர் ஏழு வருஷத்துக்கு முன்னால் குடித்தே செத்துப்போனார். ஒரே மகள் பிளசி, கோயம்புத்தூரில் கட்டிக் கொடுத்திருக்கிறார்.

அக்காவுக்குச் சர்க்கரை. காலையும் சாயந்திரமும் ஊசி. அதை மட்டும் ஐயா விட்டு வைத்திருக்கிறார். "விசுவாசம் முழுசா வாரப்போ நீயே நிறுத்துவ, மகளே"ன்னு சொன்னாராம். மருந்துக் குப்பியை ஈரமணலில் புதைத்த ஒரு மண்சட்டிக்குள் வைத்திருக்கிறார். இங்கே ஃபிரிட்ஜ் கிடையாது.

"நீ யாருக்காகட்டி வந்த?" என்று கேட்டார்.

"என் மகனுக்காக" என்றேன்.

"நான் என் வீட்டுக்காரருக்காக" என்றார். வெங்காயம் உரித்துக்கொண்டே இருந்தோம்.

ஜூன் 9, ஞாயிறு

ஐயா இன்று பரதீசைப் பற்றிப் பிரசங்கம் பண்ணினார். அவர் கத்துகிறவர் இல்லை. மெதுவாகத்தான் பேசுவார். கடைசியில்தான் சாப்பிடுவார். கிணற்றிலிருந்து தண்ணீர் இறைத்துக் கொண்டுவந்து கொடுப்பார். அதனால்தான் அவர் சொல்வதை என்னால் தள்ளிவிட முடியவில்லை.

பத்து வயதுக்கு மேல் ஒரு பிள்ளை தன் ஆத்துமாவுக்குத் தானே பொறுப்பு. கைக்குழந்தையில் நெற்றியில் தெளித்த தண்ணீர் ஞானஸ்நானம் ஆகாது. முழுகி எடுக்காமல் போன பிள்ளைகள் பரதீசின் வாசலுக்கு வெளியே நிற்கிறார்கள். உள்ளே விளக்கு எரிவது அவர்களுக்குத் தெரியும், போக முடியாது. ஆனால் அந்த வீட்டார் அத்தனை பேரும் கறையில்லாமல் வருகைநாளைச் சந்தித்தால், அந்தப் பிள்ளைக்காக வாசல் திறக்கும். ஒருவர் தவறினாலும் அடைந்துவிடும்.

ஆசீருக்குப் பதினொரு வயது. போன அக்டோபரில் டெங்கு. நாலே நாள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினது நான். அவனை வீட்டிலேயே வைத்து ஜெபித்திருந்தால் என்று ஷைனி அப்பா ஒரு தடவைதான் சொன்னார். ஒரு தடவை போதுமாயிருந்தது.

அவன் வெளியே நிற்கிறான் என்பதைத்தான் தாங்க முடியவில்லை. ஆசீருக்கு இருட்டென்றால் பயம்.

ஜூன் 14, வெள்ளி

காற்றுக் காலம் தொடங்கிவிட்டது. தேரி மண் எழும்பி வீட்டுக்குள் வருகிறது. சோற்றில் மண், பாயில் மண். மத்தியானம் ஷைனிக்கு இளைப்பு வந்தது. விலா எலும்பு உள்வாங்கி உதடு நீலம் பாரித்துவிட்டது. ஐயாவும் மற்றவர்களும் முழங்காலில் நின்றார்கள். நான் அவளைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் விறகுக் கொட்டகைக்குப் போனேன், தனியாக ஜெபிக்க வேண்டும் என்று சொல்லி.

அரை மணி நேரத்தில் சரியாகிவிட்டது. கர்த்தர் சுகம் தந்தார்.

ஜூன் 16, ஞாயிறு

ஐயா ஷைனியை ஒரு ஸ்டூல் மேல் ஏற்றிச் சாட்சி சொல்லச் சொன்னார். ஒன்பது வயதுப் பிள்ளை, பாவாடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எனக்கு மூச்சு வரல. அம்மா என்னைக் கொட்டகைக்குத் தூக்கிட்டுப் போயி ஜெபம் பண்ணாங்க. மூச்சு வந்துட்டு."

சொல்லி முடிக்கிறவரைக்கும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். ஷைனி அப்பா தரையில் விழுந்து அழுதார். ஆசீரை அடக்கம் பண்ணின நாளிலிருந்து அவர் அழுது நான் பார்த்ததில்லை.

ஜூன் 17, திங்கள்

இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. பெட்டியில் நான் போட்டது ஒரு இன்ஹேலர். என்னிடம் இரண்டு இருந்தது. இன்னொன்று உளுந்து டப்பாவுக்குள் இருக்கிறது. கொட்டகையில் ஜெபம் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு தடவை அடித்தேன், மூச்சு வந்தது.

"யார்ட்டயும் சொல்லாத, அப்பாட்டயும்" என்று ஷைனியிடம் சொல்லியிருந்தேன்.

நேற்றுப் படுக்கும்போது, "நான் சொன்னது பொய்யாம்மா?" என்று கேட்டாள்.

"தூங்கு" என்றேன்.

ஜூன் 22, சனி

வேனில் நானும் கடைக்கு வருகிறேன் என்று கேட்டுப் பார்த்தேன். ஷைனி அப்பாவுக்கு முகமே மாறிவிட்டது.

"எதுக்கு?"

"சும்மாதான். ரோட்டைப் பாக்கணும் போல இருக்கு."

"எப்சி, இன்னும் கொஞ்ச நாள்தான். அவனைப் பாத்துருவோம். இப்பப் போயி ரோட்டைப் பாக்கணுமா?" கையைப் பிடித்துக்கொண்டார். "நம்ம வீட்டுக்குத்தானே அற்புதம் தந்திருக்காரு. ஒருவேளை ஆசீருக்கு வாசல் திறக்கப்போறதுக்கு அதுதான் அடையாளம்."

அவர் இப்போது நன்றாகத் தூங்குகிறார், சாப்பிடுகிறார். எட்டு மாதத்தில் முதல்தடவையாக இன்று வேனைத் துடைத்துக்கொண்டே பாடினார். இவரிடம் எதைச் சொல்ல?

வேன் வெளியே போனதும் கேட் மூடியது. கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். வெயிலில் கம்பி சுட்டது.

ஜூன் 27, வியாழன்

மறுபடியும் இளைப்பு. மறுபடியும் கொட்டகை. இந்தத் தடவை நாங்கள் வெளியே வரும்போது எல்லோரும் வாசலில் காத்துக்கொண்டிருந்தார்கள். சாலோமி அக்கா ஷைனியின் கையை எடுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டார்.

"உன் பிள்ளைக்கு இருக்கிற விசுவாசம் எனக்கு இல்லாமப் போச்சேட்டி" என்றார் என்னிடம்.

நான் அடுப்பில் பால் பொங்கியிருக்கும் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். அடுப்பில் பால் இல்லை.

ஜூன் 30, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் சாலோமி அக்கா எழுந்து நின்றார். மண்சட்டியிலிருந்து மருந்துக் குப்பியை எடுத்து வந்திருந்தார். "ஒரு சின்னப் பிள்ளையை நடத்துற ஆண்டவர் என்னைக் கைவிட மாட்டாரு" என்று சொல்லி, முற்றத்துக்குப் போய்க் குப்பியை உடைத்து மண்ணில் கொட்டினார். செம்மண் உடனே உறிஞ்சிக்கொண்டது. எல்லோரும் கைதட்டினார்கள்.

"அக்கா, யோசிச்சுச் செய்யுங்க" என்று நான் அவர் காதோரம் சொன்னேன்.

"யோசிச்சுத்தானட்டி. உன் பிள்ளையைப் பாத்துத்தான்" என்றார்.

அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். பதிமூன்று பேருக்கும் நடுவில் என் வீட்டுக்காரர் கண்ணை மூடி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார். உதடு அசைந்தது. ஆசீர் என்றுதான் அசைந்தது.

நான் சொல்லவில்லை.

ஜூலை 1, திங்கள்

அக்கா நன்றாகத்தான் இருக்கிறார். தேங்காய் துருவினார்.

ஜூலை 3, புதன்

தண்ணீர் தண்ணீர் என்று கேட்கிறார். குடம் குடமாகக் குடிக்கிறார். நேற்று ராத்திரி எத்தனை தடவை எழுந்து போனார் என்று கணக்கில்லையாம். "தாகம் ஒரு சோதனை" என்று ஐயா சொன்னார். தாமே தண்ணீர் மொண்டு கொடுத்தார்.

ஜூலை 4, வியாழன்

வாந்தி. எழுந்து நிற்க முடியவில்லை. மூச்சில் அழுகின பழத்தின் வாடை. பெரியம்மா, பெரியம்மா என்று ஷைனி சாலோமி அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டே இருக்கிறாள். போ என்றால் போக மாட்டேன் என்கிறாள்.

மத்தியானம் என்னிடம் கேட்டாள். "பெரியம்மாவுக்கு நம்ம மருந்தைக் குடுக்கலாமாம்மா?"

"அது வேற நோய்ட்டி. அதுக்கு இது கேக்காது."

"அப்போ அவங்க ஊசியைக் கொட்டும்போது நீங்க ஏன் வேண்டாம்னு சொல்லல?"

ஜூலை 5, வெள்ளி

காலையில் ஐயாவிடம் போய், அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்றேன். அவர் கோபப்படவில்லை. கண் கலங்கியிருந்தது. "அவ ஆண்டவர் கையில விழுந்திருக்கா. மனுஷன் கைக்கு மாத்தச் சொல்லுதியா, மகளே? அதுவும் நீ?" என்றார். எல்லோரையும் உபவாசத்தில் இருக்கச் சொன்னார்.

உபவாச ஜெபத்துக்கு எல்லோரும் கூடியிருந்த நேரம், அக்காவிடம் சொல்லிவிட்டேன். டப்பாவை எடுத்துக்கொண்டு வந்து, உளுந்துக்குள் கைவிட்டு, எடுத்துக் காட்டினேன்.

அதை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"அப்போ அது ஆண்டவர் இல்லையா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஏன் மறைச்ச?"

ஆசீரைப் பற்றிச் சொன்னேன். வாசலைப் பற்றி. மருந்து கொடுத்தது தெரிந்தால் அவனுக்கு வாசல் அடைந்துவிடும் என்று. மருந்து கொடுக்காவிட்டால் ஷைனி செத்துவிடுவாள் என்று. இரண்டு பிள்ளைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டேன் அக்கா என்றேன். அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

அக்காவுக்கு வாந்தி வந்தது. துடைத்துவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டே பேசினார். ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கியது.

"ஏட்டி, சிலுவையில ஆண்டவருக்குப் பக்கத்துல ஒரு கள்ளன் தொங்குனாம்லா. அவனை அன்னைக்கே பரதீசுக்குக் கூட்டிட்டுப் போனாருல்லா. அவனை யாருட்டி தண்ணியில முக்கி எடுத்தா?"

நான் அவர் முகத்தையே பார்த்தேன்.

"சின்னதுல இருந்து கேட்ட கதை. எனக்கும் இப்பத்தான் தோணுது பாரு. ஏழு வருஷமா என் மனுஷனை நினைச்சு அழுதிருக்கேன்." சிரிக்கப் பார்த்தார். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்தார். பிடியில் பலமே இல்லை. "எப்சி, என்னைக் கூட்டிட்டுப் போயிரு. எனக்குச் சாக மனசில்ல. பிளசிக்கு இது ஏழாம் மாசம்."

கேட் சாவி ஐயா இடுப்பில். வேன் சாவியும் இப்போது அவரிடம்தான். நாளைக்குச் சனிக்கிழமை. நாளைக்குக் கேட் திறக்கும். நாளைக்கு என்று அக்காவிடம் சொன்னேன்.

ஜூலை 6, சனி

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஏழு மணிக்கு ஷைனி அப்பா வேனைக் கிளப்பினார். ஐயா கேட்டைத் திறந்து ஒரு கதவைத் தள்ளியிருந்தார். நான் ஷைனியைக் கூட்டிக்கொண்டு போய் வேனுக்கு முன்னால் நின்றேன். ஜெபம் முடிந்து எல்லோரும் முற்றத்தில்தான் இருந்தார்கள். இன்ஹேலரை எடுத்துக் கையை உயர்த்திக் காட்டினேன்.

"ஷைனிக்கு அற்புதம் ஒண்ணும் நடக்கல. ஒவ்வொரு தடவையும் நான் மருந்துதான் குடுத்தேன். அதை நம்பித்தான் சாலோமி அக்கா ஊசியை நிறுத்துனாங்க. அவங்க இப்பச் சாகக் கிடக்காங்க."

ஐயா கேட்டைப் பிடித்தபடியே நின்றார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவருக்கு வயது ஒரே நிமிஷத்தில் ஏறிவிட்டது.

"உன் மகனுக்கு வாசலை நீயே அடைச்சுட்டியே, மகளே" என்றார். அவர் அழுதுகொண்டேதான் சொன்னார். பிறகு கேட்டை மூடப் போனார்.

ஷைனி அப்பா வேனை விட்டு இறங்கி என்னிடம் வந்தார். அடிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். ஷைனி என் பின்னால் ஒளிந்துகொண்டாள். அவர் என்னைத் தாண்டி வீட்டுக்குள் போனார். திரும்பி வரும்போது இரண்டு கையிலும் சாலோமி அக்காவைத் தூக்கிக்கொண்டு வந்தார். அக்காவின் தலை தொங்கிக்கொண்டிருந்தது.

"ஐயா, கேட்டை விடுங்க" என்றார்.

ஐயா விட்டுவிட்டார்.

நாலு கிலோமீட்டர் மண்பாதை. அக்காவின் தலை என் மடியில். வழியெல்லாம் ஷைனி அப்பா பாதையையே பார்த்து ஓட்டினார். என்னைக் கண்ணாடியில்கூடப் பார்க்கவில்லை.

ஜூலை 8, திங்கள்

அக்காவுக்கு இன்னும் நினைவு வரவில்லை. பிளசிக்குத் தகவல் சொன்னோம், வந்துவிட்டாள். வயிற்றைத் தாங்கிக்கொண்டு கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிற்கிறாள். ஒரு நாள் முந்தி வந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார், முடிக்கவில்லை. அந்த ஒரு நாள் எது என்று எனக்குத் தெரியும்.

ஷைனி அப்பா இன்றுதான் வாயைத் திறந்தார். வராந்தா பெஞ்சில் எனக்கும் அவருக்கும் நடுவில் ஒரு ஆள் உட்காருகிற இடம்.

"ஆசீர் வெளியதான் நிப்பான், இல்லையா?"

அக்கா சொன்ன கள்ளன் கதையைச் சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டார். பிறகு தலையை ஆட்டினார்.

"அந்தக் கள்ளன் வாய்விட்டுக் கேட்டான், எப்சி. என்னை நினைச்சுக்கோன்னு கேட்டான். நம்ம பய கேக்கலையே. ஊசியும் டியூபுமா மயக்கத்துல கிடந்தான்."

நான் அந்த இடத்திலேயே ஒன்று சொல்லியிருக்கலாம். அந்தக் கடைசிச் சாயந்திரம் அவர் ரத்தம் வாங்க அலைந்துகொண்டிருந்தார், ஆசீர் பக்கத்தில் நான் மட்டும்தான் இருந்தேன். இன்றைக்கு இதற்குமேல் எழுத முடியாது.

"வேனை விட்டுட்டு வாரேன்" என்று சொல்லிப் போனார். வரவில்லை.

ஜூலை 9, செவ்வாய்

காலை ஒன்பது பத்துக்கு அக்கா போய்விட்டார்.

ஜூலை 11, வியாழன்

அக்காவின் ஊரில், அவர் வீட்டுக்காரர் கல்லறைக்குப் பக்கத்திலேயே அடக்கம். போலீஸ்காரம்மா ஒருவர் வந்து என்னிடம் எழுதி வாங்கினார். ஊசியை நிறுத்தச் சொன்னது யார் என்று கேட்டார். ஐயா பேரைச் சொன்னேன். என் பேரையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன். அவர் எழுதவில்லை.

எல்லோரும் கலைந்த பிறகு பிளசி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "அம்மா கூடவே இருந்தீங்களாமே. கடைசியா என்ன பேசுனாங்க?"

முழுதும் சொன்னேன். உளுந்து டப்பாவையும், சாட்சியையும், வெள்ளிக்கிழமையையும் விடவில்லை. உன் பேரைச் சொல்லித்தான் உயிரோடிருக்க ஆசைப்பட்டார் என்றும் சொன்னேன். பிளசி என் முகத்தைப் பார்த்தபடியே கேட்டாள்.

"போயிருங்க, அக்கா. தயவுசெஞ்சு போயிருங்க" என்றாள்.

வந்துவிட்டேன். நானும் ஷைனியும் என் அண்ணன் வீட்டில் இருக்கிறோம். அண்ணன் ஷைனியை டாக்டரிடம் காட்டினார். அவள் மறுபடியும் பள்ளிக்கூடம் எப்போது என்று கேட்கிறாள்.

ஜூலை 13, சனி

மத்தியானம் அண்ணன் போனுக்கு ஷைனி அப்பா பேசினார். சாமான் வாங்க வந்த கடையிலிருந்து. பேழை வீட்டில் இப்போது ஆறு பேர்தானாம். போலீஸ் இரண்டு தடவை வந்து போனார்களாம்.

"நீங்களும் வாங்க" என்றேன்.

"நான் இங்கயே இருக்கேன். நம்ம மூணு பேருல ஒருத்தராவது இருக்கணும்லா, அவனுக்காக. நீங்க ரெண்டு பேரும் நல்லாருங்க. நான் வாசல் பக்கத்துல நின்னுக்கிடுதேன்."

அப்போதுதான் சொன்னேன். அடுப்பங்கரைச் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு, ஒன்பது மாதம் யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன்.

"அத்தான், அவன் மயக்கமாகுறதுக்கு முந்தி என்கிட்டப் பேசினான். 'அம்மா, நான் செத்தா எங்க போவேன்'னு கேட்டான். நான் அதட்டிட்டேன். வாயை மூடு, நீ எங்கயும் போகமாட்டன்னுட்டேன். பிள்ளை கேட்டதுக்குப் பதில் சொல்லாம வாயை மூடச் சொன்னவ நான். அதை வெளிய சொல்ல எனக்கு வெக்கமா இருந்துச்சு."

கடைக்காரர் யாருக்கோ சீனி விலை சொல்வது கேட்டது.

"அவன் பயந்துதான் கேட்டானா?" என்றார்.

"இல்ல. பயந்தது நான். பிறகு அவனாவே சொன்னான். 'இயேசப்பாகிட்டத்தான். நான் வாரேன்னு அவர்ட்டச் சொல்லிட்டேன்'னான். சொல்லிட்டுக் கண்ணை மூடினான். அதுக்கப்புறம் அவன் எதுவும் பேசல."

போன் வைத்துவிட்ட சத்தம்.

ஜூலை 14, ஞாயிறு

மத்தியானம் ஷைனிக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். வெளியே செருப்புச் சத்தம். ஷைனி அப்பா வாசலில் நின்றார். விடியும்போதே கிளம்பித் தேரியை நடந்து கடந்து, பஸ் பிடித்து வந்திருக்கிறார். வேன் சாவியை ஐயாவிடம் கொடுத்துவிட்டாராம். முழங்கால் வரைக்கும் செம்மண். ஷைனி சாப்பிட்ட கையோடு ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள்.

அவர் உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன். குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"அவன் சொன்னதை இன்னொரு தடவை சொல்லு" என்றார்.

பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன்.